மீனுக்கு இரண்டு விரல் கீழே

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மதியம் பன்னிரண்டு மணி வாக்கில், எழுமலைப் பக்கம் நான் வேலை பார்த்த செங்கல் காளவாசலை விட்டு நடந்துகொண்டிருந்தேன். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. மழை பிடித்துக்கொண்டால் காளவாசலில் வேலை கிடையாது. அறுத்துக் காயவைத்த பச்சைக் கல் கரைந்து திரும்பவும் மண்ணாகிவிடும். இரண்டு பகல், இரண்டு இரவு கண் மூடாமல் தார்ப்பாயை அங்கிட்டும் இங்கிட்டும் இழுத்து மூடிப் பார்த்தோம். மூன்றாம் நாள் முதலாளி வந்து, தை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் கொட்டகையிலேயே படுத்துவிட்டார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எட்டாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன்பிறகு எந்த வேலையிலும் பாதிக்கு மேல் இருந்ததில்லை. ஆனையூரில் வீடு கட்டுகிற இடத்தில் கலவை சுமந்தேன், வீடு முடிவதற்குள் போய்விட்டேன். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் இருந்தேன், கொடி தலை தட்டுவதற்குள் கிளம்பிவிட்டேன். பாம்பனில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன். எதையும் குறையாகச் சொல்லவில்லை, கால் அப்படி. அன்றைக்கு உசிலம்பட்டி போய் பஸ் பிடித்து, மதுரை மாட்டுத்தாவணியில் காய்கறி மூட்டை இறக்குகிற வேலைக்குப் போய்விடலாம் என்பது எண்ணம்.

வழியில் ஒரு டீக்கடை. கடைக்காரருக்கு என் வயது இருக்கும். ரோட்டில் போனால் சுற்று, கண்மாய்க்குள் இறங்கிப் போனால் பாதித் தூரம் மிச்சம் என்று அவர்தான் சொன்னார். கண்மாயில் பாதிக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் குறுக்கே ஒரு மண்மேடு போகிறது, அது இன்னும் முழுகவில்லை. நடுவில் ஒரு பாறையும் அதன்மேல் கல்லால் கட்டிய விளக்குக் கம்பமும் இருக்கும், அதை ஒட்டியே போனால் எதிர்க்கரை. கடையிலிருந்தே கம்பம் தெரிந்தது. கருங்கல், மூன்று ஆள் உயரம். கடலில் பார்த்த கலங்கரை விளக்கத்துக்குத் தம்பி மாதிரி, தண்ணீருக்கு நடுவே ஒற்றையாக நின்றது.

"அதுல வெளக்கு எரியுமாண்ணே?" என்று கேட்டேன்.

"பாறையில ஒரு மீன் செதுக்கியிருக்கும். தண்ணி மீனத் தொட்டா அன்னைக்குத்தான் வெளக்கு. வெளக்கு எரிஞ்சிருச்சுன்னா…" என்று அவர் ஆரம்பித்தார். எனக்கு அவசரம். திருக்கார்த்திகை நெருங்குகிறது, மலையில் ஏற்றுகிற மாதிரி ஏதோ சாமி விளக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். டம்ளரை வைத்துவிட்டு, "வாரேண்ணே" என்று நடந்துவிட்டேன். அவர் பாதிப் பேச்சோடு நின்றது இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது.

மண்மேட்டில் பாதி வந்திருப்பேன். வானம் கறுத்து மழை சரசரவென்று இறங்கியது. ஓடிப்போய்ப் பாறையில் ஏறினேன்.

கம்பம் எட்டுப் பட்டையாக இருந்தது. சுண்ணாம்பு இல்லை, சிமெண்டு இல்லை. ஒரு கல்லில் பள்ளம், அடுத்த கல்லில் மேடு, ஒன்றுக்குள் ஒன்று மாட்டி அடுக்கியிருந்தார்கள். சந்தில் நகம் நுழையாது. கட்டட வேலையில் கொஞ்சநாள் இருந்தவன் என்பதால் அதைத் தடவிப் பார்த்தேன். எந்தக் காலத்தில் கட்டியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்று பிறகு சொன்னார்கள். அடியில் இரண்டு பேர் குனிந்து உட்காருகிற அளவுக்கு ஓர் அறை. வெளிப்பக்கம் கல்லையே நீட்டிவிட்டுப் படி. மேலே நான்கு குட்டைத் தூண், மூடிய கல், அதற்குள் சட்டி மாதிரி குடைந்த ஒரு பெரிய கல் அகல். அடியறைக்குள் நுழைந்தேன். வெளியே அம்புட்டு மழை கொட்டியும் உள்ளே ஒரு சொட்டு இல்லை. மூலையில் ஒரு எண்ணெய்க் கேனும், பாலிதீன் பையில் சுற்றிய திரித் துணியும் தீப்பெட்டியும் இருந்தன. யாரோ பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று அதைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்தேன்.

மழை விட்டதும் போகலாம் என்று பையில் தலை வைத்தேன். இரண்டு ராத்திரித் தூக்கம் மொத்தமாக வந்து அமுக்கிவிட்டது.

முழித்தபோது மழை நின்றிருந்தது. வெளிச்சம் மங்கியிருந்தது. வெளியே தலையை நீட்டினேன். நான் வந்த மேடு இல்லை. போக வேண்டிய மேடும் இல்லை. சுற்றிலும் செம்மண் நிறத்தில் தண்ணீர், அதன்மேல் சருகும் நுரையும் ஓடிக்கொண்டிருந்தன. மலையில் பெய்த மழையெல்லாம் ஓடை வழியாகக் கண்மாய்க்குள் வந்திருக்கிறது.

மேட்டின் மேல் தொடையளவு தண்ணீர்தான் இருக்கும். தெரிந்தவன் நடந்தே போய்விடுவான். எனக்கு நீச்சல் தெரியாது என்பதுகூடப் பெரிய விஷயம் இல்லை. மேட்டுக்கு இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். காளவாசலுக்கு மண் இந்த மாதிரிக் கண்மாய்களில் இருந்துதான் வரும். டிராக்டரில் கூடப் போய் நானே மண் ஏற்றியிருக்கிறேன். தென்னை மரத்தை நிறுத்தினால் முக்கால் முழுகுகிற பள்ளமெல்லாம் வெட்டிவிட்டு வந்திருக்கிறோம். கலங்கல் தண்ணீரில் மேடு எது, பள்ளம் எது என்று பார்க்க முடியாது. ஒரு எட்டு தவறினால் அதோடு சரி.

போனை எடுத்தேன். காளவாசலில் கரண்டு போய் இரண்டு நாள் ஆனதால் அது செத்துக் கிடந்தது. கத்திப் பார்த்தேன். கரை அரை மைல் இருக்கும், காற்று எதிர்க்காற்று. என் சத்தம் என் காதுக்கே திரும்பி வந்தது.

தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. பாறையின் ஓரத்தில் செதுக்கிய மீன் ஒன்று தெரிந்தது. ஒரு சாண் நீளம், வாயைத் திறந்துகொண்டு கீழே பார்க்கிற மீன். தண்ணீர் அதற்குக் கொஞ்சம் கீழே அலையடித்தது. இதற்குமேல் எம்புட்டு ஏறும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பாறையின் சரிவில் ஒரு பாம்பு ஏறி வந்தது. அதற்கும் போக இடமில்லை. என்ன பாம்பு என்று நான் பார்க்கவில்லை. பாறையின் ஒரு பக்கத்தை அதற்கு விட்டுவிட்டு, வெளிச்சம் கண்டால் கரையிலிருந்து யாராவது வருவார்கள் என்று எண்ணெய்க் கேனையும் திரியையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு கம்பத்தின் படியில் ஏறிவிட்டேன்.

அடுத்தவர் பொருளை எடுக்கிறோம் என்று ஒரு நிமிடம் உறுத்தியது. கரையில் பொருளுக்குரியவரைக் கண்டால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கல் அகலில் எண்ணெயை ஊற்றினேன், திரியை முறுக்கிப் போட்டேன். நான்காவது குச்சியில் பற்றியது. முதலில் மினுக் மினுக் என்றது. பிறகு ஒரு முழ உயரத்துக்கு எழுந்து நின்றது. அந்தக் கல் கூண்டுக்குள் காற்று ஒன்றும் செய்யவில்லை. கட்டினவன் கெட்டிக்காரன்.

கொஞ்ச நேரத்தில் கரைப் பக்கம் இருந்து குலவைச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு பெண் குரல், அப்புறம் நாலைந்து, பிறகு அடுத்த ஊரிலிருந்தும் கேட்டது. தண்ணீர் மேல் அந்தச் சத்தம் வழுக்கிக்கொண்டு வந்தது. எங்கேயோ ஒரு வேட்டும் வெடித்தார்கள். என்னைப் பார்த்துவிட்டார்கள், எனக்காகத்தான் குலவை போடுகிறார்கள் என்று நான் நினைத்தேன். கைலியைக் கழற்றி வீசி வீசிக் காட்டினேன். வாழ்க்கையில் என்னைப் பார்த்து யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் நடந்தது அதுதான்.

அரை மணி நேரத்தில் ஒருவர் வந்தார். லாரி டியூபில் பலகையைக் கட்டி அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கையிலும் தட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும், மெலிந்த ஆள். கண்மாயில் மீன் பிடிப்பவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. டியூபைப் பாறையில் ஒதுக்கி, செல்போன் வெளிச்சத்தைப் போட்டு, குனிந்து அந்த மீனைப் பார்த்தார். மீனின் வாய்க்கும் தண்ணீருக்கும் நடுவில் விரலை வைத்தார். இரண்டு விரல் போனது.

அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"நான் பாட்டுக்கு வீட்டு வாசல்ல வலை தச்சுக்கிட்டு இருக்கேன். என் வீட்டுக்காரி வந்து கேக்குறா, நீ இங்க இருக்க, ஒன் வெளக்கு அங்க எரியுது, அங்க இருக்குறது யாருன்னு. நான் என்னத்தச் சொல்ல? யாருய்யா நீ?"

சொன்னேன். டீக்கடைக்காரர் சொன்னதையும், பாதியில் கிளம்பியதையும் சொன்னேன். அவர் பாறையில் உட்கார்ந்து மிச்சப் பாதியைச் சொன்னார்.

அந்தக் கண்மாயை நம்பி மூன்று ஊர் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் திறந்தாச்சு, கண்மாய் நிறைந்தாச்சு என்று ஐப்பசியிலிருந்து போனில் தினம் ஒரு சேதி வரும். அதை நம்பி விதைத்துக் காய்ந்த வருடங்கள் உண்டு. அதனால் மீனைத் தண்ணீர் தொட வேண்டும். தொட்டால் அந்த வருடம் முறை வந்த வீட்டுக்காரர் வந்து விளக்கேற்றுவார். தண்ணீர் மீனைத் தொட்டுவிட்டால் ஒரு போகம் தாங்கும் என்று அர்த்தம். விளக்கைப் பார்த்ததும் வீட்டுக்கு வீடு குலவை போட்டு, விதை நெல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுவார்கள். மறுநாள் மடை திறக்கும். இந்த வருடம் முறை அவருடையது. எண்ணெயும் திரியும் அவர் கொண்டுவந்து வைத்தது.

ஊறின விதை திரும்பக் காயாது. வெயில் அடித்தாலாவது ஏதாவது செய்யலாம், அடைமழையில் அதுவும் முடியாது. முளை கிளம்பிவிடும். இரண்டாம் நாள் சேற்றில் போடவில்லை என்றால் சூடேறி அழுகிப்போகும். நான் ஏற்றிய விளக்கு மூன்று ஊருக்கும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டது.

"அணைச்சிருவோம்ணே" என்று படியில் காலை வைத்தேன்.

"ஏத்துன வெளக்க ஊதி அணைக்க எங்க ஊர்ல எவனுக்கும் வாய் வராது. எண்ணெய் தீர எரியட்டும். நீ எறங்கு" என்றார். இறங்கினேன். அவர் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் போட்டார். எல்லோருக்கும் ஒரே பேச்சு. நம்ம விளக்கு இல்லப்பா, ஒரு ஆள் மாட்டிக்கிட்டு ஏத்திப்புட்டான், நெல்லில் கை வைக்காதீங்க. அந்தப் பக்கம் சிலர் திட்டுவது எனக்கே கேட்டது. பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஊறப்போடுவார்களாம். மூட்டையைப் பிரித்து முற்றத்தில் வைத்திருந்தவர்கள் திரும்பக் கட்டினார்கள். ஒரு வீட்டில் மட்டும் படி அளவு போட்டுவிட்டார்களாம், அதை இடித்துப் பலகாரம் பண்ணிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரே ஒரு வீட்டில் போனை எடுக்கவில்லை. அவர் மூன்று தரம் போட்டார். பிறகு முகம் மாறியது.

"கடைமடைக்காரி" என்றார். "அந்தப் புள்ள போட்டிருக்கும்."

வாய்க்கால் கடைசியில் இருக்கிற வயல் அந்தப் பெண்ணுடையது. தலைமடைக்காரர்கள் எல்லாம் பாய்ச்சிய பிறகுதான் அங்கே தண்ணீர் போகும். அதனால் ஒருநாள் பிந்தி விதைத்தாலும் கதிர் முற்றும் நேரத்தில் தண்ணீர் கிடைக்காது. விளக்கைக் கண்ட நிமிடமே நெல்லை ஊறப்போடுகிற ஒரே வீடு அதுதான். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. இங்கே நிலம், மாடு எல்லாம் அந்த அக்கா ஒருத்திதான். வைத்திருப்பது போன அறுப்பில் எடுத்து வைத்த ஒரே மூட்டை விதை.

டியூபில் அவர் முன்னால், நான் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தேன். எனக்குக் கீழே எம்புட்டு ஆழம் இருக்கும் என்று கேட்டேன். "அது எதுக்கு ஒனக்கு? மண்ணள்ளுனவன் கிட்டதான் கேக்கணும்" என்றார். நான் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கரையில் கால் வைத்ததும் திரும்பிப் பார்த்தேன். விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது, அதன் வெளிச்சம் தண்ணீரில் கரை வரைக்கும் நீண்டு கிடந்தது.

கரையில் அவருடைய டிவிஎஸ் வண்டி நின்றது. அதை எடுத்துக்கொண்டே, மெயின் ரோட்டில் ஏழு மணிக்கு உசிலம்பட்டி பஸ் வரும், நீ வேண்டுமானால் போய்க்கொள், அங்கே நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். பஸ் போகிற ரோடும் அங்கிருந்தே தெரிந்தது. அந்த ரோட்டைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் காலும் அந்தப் பக்கம்தான் திரும்பியது. ஆனால் குலவைச் சத்தம் காதில் கிடந்தது. அதில் முதலில் வந்த குரல் யாருடையது என்று தெரியாமல் போனால், எந்த ஊருக்குப் போனாலும் அது கூடவே வரும் போலத் தோன்றியது. வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அந்த வீடு வாய்க்கால் ஓரத்தில் தனியாக இருந்தது. அந்த அக்கா தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். போன் வீட்டுக்குள் சார்ஜில் கிடந்திருக்கிறது. எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "என்னண்ணே, இந்த வருசம் ரெண்டு நாள் முந்திக்கிட்ட? வெளக்கப் பாத்ததும் போட்டுட்டேன்ல" என்றார். வாசலில் ஒரு பெரிய அண்டா. அதன் வாயில் வேப்பங்கொத்து செருகியிருந்தது.

மீன்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளி, "நீயே சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. மீனுக்கு இரண்டு விரல் கீழேதான் தண்ணீர் நிற்கிறது, விளக்கை ஏற்றியது நான், என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏற்றினேன், எனக்கு அர்த்தம் தெரியாது என்று சொல்லி முடித்தேன். அந்த அக்கா அண்டாவுக்குப் போய், உள்ளே கையை விட்டு ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார். தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருந்தது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். "பாம்பு கீம்பு ஒண்ணும் தீண்டலையே?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். "சாப்பிட்டியா?" இல்லை என்றேன். அதற்கப்புறம் திட்டினார். நன்றாகவே திட்டினார். நீச்சல் தெரியாதவனுக்குக் கண்மாய்க்குள் என்ன வேலை, ஒருத்தர் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் ஓடுகிற அளவுக்கு எந்தக் கலெக்டர் உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார், போன வருடமும் கதிர் வருகிற நேரத்தில் தண்ணீர் நின்று பாதிதான் வீடு வந்தது, இதுவும் போனால் விதைக்கு நான் எங்கே போவேன் என்று ஒரே மூச்சில் கேட்டார். கடைசிக் கேள்வியில் குரல் உடைந்துவிட்டது. மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டே நின்றேன்.

மீன்காரர்தான் பேச்சை எடுத்தார். ஊறின நெல்லுக்குத் தேவை சேறும் இருபத்தைந்து நாள் தண்ணீரும்தானே, அது கண்மாய்த் தண்ணீராகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டார். தலைமடையில் அவர் கிணற்றடியில் காய்த்து ஓய்ந்த கத்தரிக் கொல்லை ஒன்று இருக்கிறது. செடியைப் பிடுங்கிவிட்டு அங்கேயே நாற்றங்கால் போடலாம். கண்மாய் எப்போது நிறைகிறதோ அப்போது நாற்றைப் பிடுங்கிக் கடைமடைக்குக் கொண்டுபோய் நடலாம். தலைமடை மண்ணில் கடைமடை நாற்றா என்று ஊரில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும் என்றார்.

அந்த அக்கா யோசித்தார். மண் வெட்டுவது யார், தண்ணீர் பாய்ச்சுவது யார், குருவி விரட்டுவது யார் என்று கேட்டார். நீ மீனுக்குப் போய்விடுவாய், நான் மாட்டை விட்டு வர முடியாது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைக் கூப்பிட்டாலும் இந்த மழையில் வர மாட்டார்கள்.

பேசிக்கொண்டே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெளக்கேத்துன கையி சும்மாத்தான இருக்கு" என்றார் அக்கா.

"அக்கா, நான் எங்கயும் ரொம்ப நாள் இருந்ததில்லை" என்றேன். பொய் சொல்லி இன்னொரு தரம் மாட்ட விருப்பமில்லை.

"நாத்துக்குக் கணக்கு இருபத்தஞ்சு நாள்தான். அம்புட்டு நாளு ஒரு எடத்துல நின்னா ஒண்ணும் வேர் விட்டுற மாட்ட."

மீன்காரர் சிரித்துவிட்டார். பிறகு அக்காவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பாறையை விட்டு இறங்கியபோது வராத நிம்மதி அந்த வாசலில்தான் வந்தது. அக்கா சோறு போட்டார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்றிரவு மீன்காரர் வீட்டு முன்னறையில் படுத்துக்கொண்டேன். வாசலில் நின்று பார்த்தால் விளக்கு தெரிந்தது. அவர் மனைவி, உன் எண்ணெய் இன்னும் எரிகிறது பார் என்று கணவரைக் கிண்டல் செய்தார்.

அந்த மீனைத் தண்ணீர் நாலாம் நாள்தான் தொட்டது. அன்றைக்கு அவரே டியூபில் போய் விளக்கேற்றினார். நான் நாற்றங்கால் வரப்பில் நின்று பார்த்தேன். குலவை கிளம்பியது. இந்தத் தரம் கைலியை வீசவில்லை. அது யாருக்கு என்று எனக்குத் தெரியும். மற்ற வீட்டார் நெல்லை ஊறப்போட்ட அன்று கடைமடைக்காரியின் நாற்று மட்டும் ஊசி ஊசியாகப் பச்சை காட்டி நின்றது. வாய்க்காலின் கடைசியில் இருப்பவர் எல்லோருக்கும் முந்தி நடவு செய்தது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை என்றார்கள். நாற்றுக்கட்டு ஏற்றிய வண்டியோடு நானும் கடைமடை வரை நடந்து போனேன். ஆனால் அதெல்லாம் பிறகு. நான் சொல்ல வந்தது அந்தத் தப்பான விளக்குக்கு மறுநாள் காலையைத்தான்.

விடிந்ததும் முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ரோட்டில் போனது. நான் கத்தரிக் கொல்லையில் நின்றேன். மீன்காரர் மோட்டாரைப் போட்டுவிட்டு, மண்வெட்டியைக் கையில் கொடுத்து, வெட்டு ஒரு சாண் ஆழம் இறங்க வேண்டும், அப்புறம் சேற்றைக் குழப்பிப் பலகை போட்டு மட்டம் பண்ண வேண்டும், ஓரிடத்தில் தண்ணீர் தேங்கினாலும் விதை அழுகிவிடும் என்று சொல்லிக்கொண்டே போனார். மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி நின்று, அவர் சொன்னது முழுவதையும் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டேன். கேட்டு முடித்த பிறகும், வேறு ஏதாவது இருக்கிறதா அண்ணே என்று கேட்டேன். இல்லை என்றார். அதன்பிறகுதான் முதல் வெட்டை வெட்டினேன். இன்றைக்கும் எந்த ஊரில் யார் எனக்கு என்ன சொன்னாலும், மீனுக்குக் கீழே வைத்த அந்த இரண்டு விரல் கண்ணில் வந்து, பையைக் கீழே இறக்கி வைக்கச் சொல்கிறது.